ஷியாட்சு: பாயில் படுப்பதற்கு முன்பே நடக்கும் தவறுகள்

ஷியாட்சு என்ற ஜப்பானிய விரலழுத்த முறைக்காகக் கோலாலம்பூர் உடம்புப்பிடி நிலையங்களுக்குப் போகும் நம் பெண்களிடம், "உடம்புக்கு ஏதும் பிரச்சினை இருக்கா?" என்று கேட்டால் சட்டென்று வரும் பதில், "ஒன்னும் இல்ல." நாள் தள்ளிப்போனது, இனிப்புநீர் மாத்திரை, இரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மருந்து, போன மாதம் நடந்த அறுவை சிகிச்சை, எல்லாம் அந்த "ஒன்னும் இல்ல"வுக்குள் மறைந்துவிடும். அழுத்துகிறவருக்கு இவை தெரியாவிட்டால் எந்த இடத்தைத் தொடக்கூடாது என்பதும் தெரியாது. கூச்சம் வேண்டாம், படுப்பதற்கு முன் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள்.

ஜப்பானிய மொழியில் 'ஷி' என்றால் விரல், 'அட்சு' என்றால் அழுத்தம். இதைப் பரப்பியவர்களில் முதன்மையானவரான தொகுஜிரோ நமிகோஷி, சிறுவயதில் தம் தாயின் மூட்டுவலிக்குக் கைகளால் அழுத்திவிட்டுப் பழகியவர். 1940-இல் தோக்கியோவில் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். இதில் எண்ணெய் கிடையாது. நல்லெண்ணெயோ கோடாலித் தைலமோ தடவிக்கொண்டு போனால் கட்டைவிரல் வழுக்கும், அழுத்தம் ஓரிடத்தில் நிற்காது. உடை உடுத்தியபடியே தரையில் விரித்த பாயில் படுப்பதால் சேலையும் இறுக்கமான ஜீன்ஸும் ஒத்துவராது. தொளதொள டீ-சட்டையும் கால்சட்டையும் போதும். தாலியைக் கழற்ற மனமில்லையென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். குப்புறப் படுக்கும்போது அதன் குண்டுகள் நெஞ்செலும்பில் குத்தாதபடி ஒரு துண்டை மடித்து வைப்பார்கள். வாழையிலைச் சாப்பாடு முடித்த கையோடு போகாதீர்கள், இரண்டு மணி நேரமாவது கழியட்டும்.

"வலிச்சாத்தான் நரம்பு இளகும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பது அடுத்த தவறு. தேர்ந்த கை குத்தாது. உடல் எடையை மெல்லச் சாய்த்து, தோலுக்குச் செங்குத்தாக இறங்கி, ஐந்து வினாடி போல நின்று, அதே மெதுவில் மேலே வரும். சுகமான வலி சரி. மூச்சைப் பிடிக்க வைக்கும் வலி வந்தால் தசை தற்காப்புக்காக இறுகிக்கொள்ளும்; அதற்குமேல் அழுத்தினால் மிஞ்சுவது கன்றிப்போன தோல்தான். அப்போதே "மெதுவா" என்று சொல்லிவிடுங்கள்.

மாதவிடாய் வலிக்கு வீட்டிலேயே செய்துகொள்ளும் புள்ளி ஒன்று உண்டு. பெரும்பாலோர் அதன் இடத்தைத் தவறவிடுகிறார்கள். உட்புறக் கணுக்கால் எலும்பின் உச்சியில் உங்கள் சுண்டுவிரலை வைத்து, நான்கு விரல்களையும் சேர்த்து மேல்நோக்கி அளக்க வேண்டும். அளவு உங்கள் விரலாக இருக்க வேண்டும், அக்காவின் விரல் அல்ல. ஆள்காட்டி விரலின் மேல்விளிம்பு தொடும் மட்டத்தில், கணைக்கால் எலும்பின் பின்னோரத்தை ஒட்டிய பள்ளம்தான் அந்த இடம். எலும்பின் மேலேயே அழுத்தினால் வலிதான் மிச்சம். மூச்சை வெளியே விட்டுக்கொண்டு ஐந்து முதல் ஏழு வினாடி அழுத்தி, மெல்ல விட்டு, ஒவ்வொரு காலிலும் ஐந்தாறு முறை செய்யலாம். சிறிய ஆய்வுகள் சில, வலி ஓரளவு தணிவதாகச் சொல்கின்றன. இது வலிக்கு மட்டும். கருப்பைக் கட்டியைக் கரைக்காது, ஹார்மோனைச் சரிசெய்யாது.

அதே புள்ளியைக் கர்ப்பிணிகள் தொடக்கூடாது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட சதைப் பகுதியையும், தோளின் உச்சியையும் அப்படியே விட்டுவிட வேண்டும். இவை கருப்பையைச் சுருங்கச் செய்யும் என்று கருதி, பயிற்சி பெற்றவர்கள் வழிவழியாகத் தவிர்த்து வருகிறார்கள். நாள் தள்ளிப்போயிருந்தால் முதலில் பரிசோதித்துப் பாருங்கள், பிறகு போகலாம். கர்ப்பம் ஐந்து மாதத்தைத் தாண்டிவிட்டால் மல்லாந்து படுக்காமல் இடப்பக்கமாகச் சாய்ந்து படுப்பது நல்லது.

பிள்ளை பெற்ற பிறகு நம் வீடுகளில் பத்தியமும் இருக்கும், 'உருட்' என்ற மலாய் முறை உடம்புப்பிடியும் நடக்கும். அந்த வாரங்களில் காலின் இரத்தக்குழாயில் இரத்தம் கட்டும் ஆபத்து அதிகம் என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, தொட்டால் சூடாக வலித்தால், "பிடிச்சுவிட்டா சரியாயிடும்" என்று யாரையும் தொட விடாதீர்கள். கட்டிய இரத்தம் நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து; நேராக மருத்துவமனைக்குப் போங்கள். அறுவை மூலம் பிரசவமானவர்கள், மருத்துவர் சரியென்று சொல்லும்வரை வயிற்றில் அழுத்தம் கொடுக்க விடக்கூடாது.

இனிப்புநீர் நம் சமூகத்தில் அதிகம். பாதம் மரத்துப்போனவர்களுக்கு அழுத்தம் எல்லை மீறுவது உறைக்காது, காயமும் சீக்கிரம் ஆறாது. நின்றே வேலை பார்த்துக் காலில் நரம்பு சுருண்டிருந்தால் அதன்மேல் அழுத்தவே கூடாது. எலும்புத் தேய்மானம் உள்ள அம்மாமார்களின் முதுகில் முழங்கையும் முழங்காலும் வேண்டாம், உள்ளங்கை போதும். கழுத்தின் முன்பக்கமும் பக்கவாட்டும் இரத்தக்குழாய் ஓடும் இடம், அங்கே யாருக்கும் பலமாக அழுத்தக்கூடாது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, டாக்டரிடம் போக வேண்டியதை ஷியாட்சுவால் தள்ளிப்போடுவது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைகிறதா, மாதவிடாய் நின்று ஓராண்டு கழித்து இரத்தம் பட்டதா, அடிவயிற்றில் கட்டி தட்டுப்படுகிறதா? பக்கத்து கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசு சுகாதார கிளினிக்) போங்கள். அங்கே காரணம் தெரிந்த பிறகு, தோள் இறுக்கத்துக்கும் தூக்கத்துக்கும் ஷியாட்சுவை நிம்மதியாகச் சேர்த்துக்கொள்ளலாம். அன்றைக்கு முடிந்ததும் சட்டென்று எழாதீர்கள். ஒருக்களித்து, கையை ஊன்றி உட்கார்ந்து, தலைசுற்றல் இல்லையென்று தெரிந்த பிறகு எழுந்து நில்லுங்கள்.