ஒரு பேஸ் கிட்டார், இரண்டு ஆம்ப், ஓர் இரைச்சல்

என் பேஸின் அடிநாதத்துக்கு ஓர் ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் கருவி), கரகரப்பான மேல் ஒலிக்கு வீட்டில் கிடந்த பழைய கிட்டார் ஆம்ப். இரண்டையும் சேர்த்து வாசிக்க வெகுநாள் ஆசை. சிக்னலை இரண்டாகப் பிரிக்கும் மலிவான ஒய் கேபிளில் தொடங்கினேன், ஒலி மங்கியது. 1 மெகாஓம் உள்ளீடுகள் இரண்டு இணையாகச் சேர்ந்தால் கம்பி அதிர்வை மின் சிக்னலாக்கும் பிக்கப்புக்கு 500 கிலோஓம்தான் மிஞ்சும்; அதன் மேல் சுமை கூடும். கைவசம் இருந்த, இரண்டு வெளியீடுகள் கொண்ட கோரஸ் பெடலின் பஃபர் (பிக்கப்பின் மேல் சுமை விழாமல் காக்கும் சுற்று) வழியே பிரித்ததும் தெளிவு திரும்பியது.

ஆனால் 'ம்ம்ம்' என்று விடாத இரைச்சல். ஒரு கேபிளைப் பிடுங்கினால் உடனே அமைதி. இரண்டு ஆம்புகளும் மின் பிளக்கின் எர்த் வழியாகவும் கேபிளின் உறை வழியாகவும் இணைந்து வளையமாகிவிடுவதுதான் காரணம். எர்த் முனையைக் கழற்றிவிடச் சிலர் சொன்னார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஆம்பில் கோளாறு வந்தால் மின்சாரம் கம்பி வழியே விரலுக்கு வரும், உயிரே போகும்.

அதற்குப் பதிலாக, நேரடிக் கம்பி இணைப்பு இல்லாமலே ஒலி சிக்னலைக் கடத்தும் ஒன்றுக்கு ஒன்று விகித ஆடியோ டிரான்ஸ்ஃபார்மரைச் சிறிய உலோகப் பெட்டியில் வைத்து, ஓர் ஆம்புக்குப் போகும் வழியில் மட்டும் சேர்த்தேன். இரைச்சல் அப்படியே இருந்தது! வெளியீட்டு ஜாக்கின் கழுத்து உலோகப் பெட்டியைத் தொட்டு, வளையத்தை மீண்டும் இணைத்துக்கொண்டிருந்தது. இடையே பிளாஸ்டிக் வாஷர் போட்டதும் அடங்கியது.

பிறகும் தடித்த ஈ கம்பி, இரண்டு ஆம்பும் சேரும்போது மெலிந்தே ஒலித்தது. ஒன்றின் ஸ்பீக்கர் கூம்பு முன்னே வரும்போது மற்றொன்றின் கூம்பு பின்னே போய், ஒலிகள் ஒன்றையொன்று குறைத்துக்கொண்டன. டிரான்ஸ்ஃபார்மரின் வெளிப்பக்கக் கம்பிகள் இரண்டையும் இடம் மாற்றிப் பற்றவைத்தேன். அடுத்த மீட்டலில் தரை அதிர்ந்தது.