சிமுலேஷனைப் போடும் முன் விரலைக் காட்டச் சொல்லுங்கள்: ஒரே பாடவேளையில் செய்து பார்க்க ஒரு வழி

ஒரே மாதிரியான இரண்டு பல்புகள். ஒரு மின்கலத்தோடு தொடர் இணைப்பில் மாட்டியிருக்கிறது. எது அதிகமாக ஒளிரும்?

அறிவியல் பாடம் எடுப்பவர்கள் இதை வகுப்பில் கேட்டுப் பாருங்கள். ஓம் விதியை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிற பிள்ளைகூட, "முதல் பல்புதான், அதிலேயே கொஞ்சம் கரண்ட் செலவாயிடுமே" என்று சொல்லும். உண்மையில் இரண்டும் ஒரே அளவுதான் ஒளிரும்.

புரொஜெக்டரில் சிமுலேஷனை, அதாவது கணினியில் நிஜம்போல் இயங்கும் மின்சுற்று மாதிரியைக் காட்டினால் இந்த நினைப்பு ஓடிவிடும் என்று நானும் நம்பினேன். காட்டினேன். வகுப்பே வாயைப் பிளந்து பார்த்தது. அடுத்த வாரத் தேர்வில் அதே "முதல் பல்பு" திரும்பி வந்தது. எங்கே பிசகினேன் என்பது ஓர் ஆய்வைப் படித்த பிறகுதான் விளங்கியது. ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மஜூரின் குழு 2004-ல் வெளியிட்ட ஆய்வு அது. வகுப்பில் காட்டும் செய்முறையைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்த மாணவர்கள், அதைப் பார்க்கவே பார்க்காதவர்களைவிடக் கருத்தை அதிகம் புரிந்துகொள்ளவில்லை. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே ஊகித்துச் சொல்ல வைத்தபோதுதான் புரிதல் கூடியது.

ஆக, நாம் இங்கே செய்யப்போவது இவ்வளவுதான்: திரையைப் போடும் முன் ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு விடைக்குக் கட்டுப்பட வைப்பது, அது பலித்ததா என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது. தேவையானவை ஒரு மடிக்கணினி அல்லது போன், இரண்டு பல்பு, ஒரு மின்கலம், கம்பி. சிமுலேஷனுக்கு ஃபெட் (PhET) இணையதளம் போதும். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது, இலவசம். சிமுலேஷனை முன்பே இறக்கி வைத்துக்கொண்டால் இணையமும் வேண்டாம்.

படி 1: ஒரே ஒரு தப்பெண்ணத்தைப் பிடியுங்கள்

"மின்னியல்" என்று ஒரு பாடத்தையே எடுத்துக்கொள்ளாதீர்கள். "மின்னோட்டம் பல்பில் செலவாகிவிடும்" என்ற ஒற்றை நினைப்பு போதும்.

படி 2: முன்தேர்வு

ஐந்தாறு கேள்விகள், பத்து நிமிடம். கணக்குப் போடும் கேள்வி ஒன்றுகூட வேண்டாம். சூத்திரத்தில் எண்ணைப் போட்டு விடை வாங்கிவிட்டால், உள்ளே என்ன புரிந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாமலே போய்விடும். இதற்கு நல்ல முன்மாதிரி 1992-ல் அமெரிக்க இயற்பியலாளர் ஹெஸ்டனிஸும் அவருடைய சகாக்களும் விசையைப் பற்றி உருவாக்கிய தேர்வு. இன்று புழங்கும் வடிவத்தில் 30 கேள்விகள், எல்லாம் அன்றாடப் பேச்சில் இருக்கும். தப்பான விடைகள்கூட மாணவர்கள் உண்மையிலேயே நம்புபவை.

தாளைத் திருத்துங்கள், திருப்பிக் கொடுக்காதீர்கள். விடையையும் சொல்லாதீர்கள். இதே தாளைப் பிறகு மறுபடி கொடுக்கப்போகிறோம்.

படி 3: வாக்கெடுப்புக் கேள்வியை எழுதுங்கள்

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். எங்கள் பல்புக் கேள்விக்கான விடைகளைப் பாருங்கள்:

அ. மின்கலத்தின் நேர்முனைக்கு அருகில் உள்ள பல்பு
ஆ. எதிர்முனைக்கு அருகில் உள்ள பல்பு
இ. இரண்டும் ஒரே அளவு

'ஆ'வை ஒப்புக்காகச் சேர்த்ததாக நினைக்க வேண்டாம். எலக்ட்ரான்கள் எதிர்முனையிலிருந்து கிளம்புகின்றன என்று நன்றாகப் படித்த பிள்ளைகள் அங்கேதான் போய் விழுவார்கள். படித்தது சரி, ஆனால் "செலவாகும்" என்ற பழைய நினைப்பு அப்படியே இருக்கிறது, திசை மட்டும் மாறியிருக்கிறது. ஒவ்வொரு தப்பான விடைக்குப் பின்னாலும் இப்படி ஓர் ஆள் நிற்க வேண்டும். யாருமே தொடாத விடையை அடுத்த முறை தூக்கிவிடுங்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய விடைத்தாள்களைப் புரட்டுங்கள். இல்லையென்றால் நாலு பிள்ளைகளை உட்கார வைத்து "ஏன் அப்படி நினைக்கிறே?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருங்கள். ஆசிரியர்களுக்கு இரண்டாவது பாதிதான் கஷ்டம்.

படி 4: முதல் வாக்கு, சத்தமில்லாமல்

ஒரு நிமிடம் யோசிக்கக் கொடுத்து, விரலை நெஞ்சுக்கு நேராக வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு விரல் 'அ', இரண்டு 'ஆ', மூன்று 'இ'. கையை உயரத் தூக்கச் சொன்னால் பாதிப் பேர் முதல் பெஞ்சைப் பார்த்துத்தான் தூக்குவார்கள். பிளிக்கர்ஸ் என்ற செயலியும் உண்டு: பிள்ளைகள் அச்சடித்த அட்டையைத் திருப்பிப் பிடிக்க, உங்கள் போன் கேமரா அதைப் படித்து எண்ணிக்கை சொல்லும். எண்ணிக்கை தானாகப் பதிவாவது வசதி. ஆனாலும் முதல் முறைக்கு விரலே போதும்.

மஜூர் 1991 முதல் ஹார்வர்டில் கையாண்ட முறை இது. சரியான விடை சொன்னவர்கள் 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால் பிள்ளைகளைப் பேச விடலாம். அதற்குக் கீழே போனால் விவாதிக்கவே ஆள் இருக்காது, ஒரு குறிப்புக் கொடுத்து மறுபடி கேளுங்கள். 70-ஐத் தாண்டினால் சுருக்கமாக விளக்கிவிட்டு நகருங்கள்.

படி 5: பேச விடுங்கள்

"உன் விடையிலிருந்து வேறு விடை சொன்ன ஒருவரைப் பிடி. மூன்று நிமிடத்தில் உன் பக்கம் இழு." இந்த இரண்டு வாக்கியம் போதும். நீங்கள் நடுவில் நடந்துகொண்டே காதைக் கொடுங்கள், தலையை மட்டும் ஆட்டிவிடாதீர்கள். உங்கள் முகத்தில் விடையைப் படிப்பதில் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள்.

"தெரியாதவனும் தெரியாதவனும் பேசி என்ன வரப்போகிறது?" என்று கேட்பீர்கள். கொலராடோவில் ஒரு மரபியல் வகுப்பில் இதையே சோதித்தார்கள். விவாதம் முடிந்ததும் அதே கருத்தில் வேறொரு கேள்வியைக் கொடுத்துத் தனித்தனியாக விடையளிக்கச் சொன்னார்கள். யாருக்குமே முதலில் விடை தெரியாத குழுக்களிலும் முன்னேற்றம் இருந்தது. 2009-ல் வெளியான ஆய்வு. பேசி முடித்ததும் மறுபடி வாக்கெடுத்து இரண்டு எண்ணிக்கையையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 6: இப்போது சிமுலேஷன்

டிசி மின்சுற்று அமைக்கும் சிமுலேஷனைத் திறந்து, முதல் பல்புக்கு முன், நடுவில், இரண்டாவதுக்குப் பின் என்று மூன்று இடத்தில் மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரை வையுங்கள். மூன்றும் ஒரே அளவைக் காட்டும். அந்த நொடி வகுப்பில் ஒரு சலசலப்பு எழும் பாருங்கள், அதற்காகத்தான் இத்தனை பாடு. உடனே நீங்கள் விளக்கத் தொடங்காதீர்கள். "ஏன்?" என்று 'அ' சொன்ன ஒருவரையே கேளுங்கள். பிறகு மூன்றாவது பல்பைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று மறுபடி ஓர் ஊகம்.

திரையில் எலக்ட்ரான்களாக ஓடும் உருண்டைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். உண்மையான கம்பியில் எலக்ட்ரான்கள் நத்தையைவிட மெதுவாகத்தான் நகர்கின்றன. படத்தில் தெரிவது புரிவதற்காக வரைந்தது.

அடுத்து நிஜ பல்பு. சிமுலேஷன் மட்டுமே போதாதா என்றால், கொலராடோவிலேயே 2005-ல் வந்த ஓர் ஆய்வில் சிமுலேஷனில் பழகியவர்கள் நிஜக் கருவிகளில் பழகியவர்களைவிடக் கருத்துக் கேள்விகளிலும், பிறகு நிஜச் சுற்றை அமைப்பதிலும் மேலாகவே செய்தார்கள். இருந்தாலும் நிஜ பல்பைக் கொண்டுபோகச் சொல்வேன், அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒரே வகை என்று வாங்கிய இரண்டு பல்புகளும் சரிசமமாக ஒளிராது. ஒன்று கொஞ்சம் தூக்கலாக இருக்கும். "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல!" என்று 'அ' அணி துள்ளும். பதறாமல் இரண்டு பல்பையும் இடம் மாற்றி மாட்டுங்கள். வெளிச்சம் பல்போடு சேர்ந்தே இடம் மாறும். வித்தியாசம் பல்பின் மின்தடையில் இருக்கிறது, வரிசையில் இல்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட எனக்கு வேறு வழி தெரியாது.

படி 7: பின்தேர்வும் கணக்கும்

அடுத்த நாளே வேண்டாம், இரண்டு வாரம் கழித்து அதே தாளைக் கொடுங்கள். வகுப்புச் சராசரி முன்பு 40 சதவீதம், இப்போது 70 என்று வைத்துக்கொள்வோம். ஏற வாய்ப்பிருந்தது 60, ஏறியது 30. முப்பதை அறுபதால் வகுத்தால் 0.5. இந்த எண்தான் ஆதாயம். தொடக்கத்திலேயே கெட்டிக்கார வகுப்பு, பின்தங்கிய வகுப்பு என்ற வேறுபாட்டை ஓரளவு சமன்செய்துதான் ஒப்பிட முடியும் என்பதால் இப்படி வகுக்கிறோம்.

0.5 நல்லதா? அமெரிக்க இயற்பியலாளர் ரிச்சர்ட் ஹேக் 1998-ல் 62 இயற்பியல் வகுப்புகளின், 6,542 மாணவர்களின் விவரங்களைத் தொகுத்தார். விரிவுரை மட்டும் நடந்த 14 வகுப்புகளில் சராசரி ஆதாயம் 0.23, மாணவர்களை ஈடுபடுத்திய 48 வகுப்புகளில் 0.48. அந்த வகுப்புகளில் வைத்தவை விசையைப் பற்றிய தேர்வுகள், உங்களுடையது ஐந்தாறு கேள்வித் தாள். ஆகவே ஒரு மதிப்பீடாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முப்பது பேர் வகுப்பில் இரண்டு பேர் காய்ச்சலில் படுத்தாலே எண் ஆடும். முன்தேர்வு, பின்தேர்வு இரண்டையும் எழுதியவர்களை மட்டும் கணக்கில் சேருங்கள்.

இன்னொரு பிரிவுக்கும் நீங்களே பாடம் எடுத்தால், அங்கே வழக்கம்போல் நடத்தி அதே தாளைக் கொடுத்து ஒப்பிடலாம். ஒப்பீடு முடிந்ததும் அந்தப் பிரிவுக்கும் இதைச் செய்துவிடுங்கள், அவர்கள் மட்டும் என்ன பாவம் செய்தார்கள்?

இரண்டு முணுமுணுப்புகள்

பிள்ளைகள் பக்கம்: "சொல்லிக்கொடுக்கவே மாட்டேங்கிறாங்க." 2019-ல் வெளியான ஹார்வர்டு ஆய்வு ஒன்றில், இப்படிப்பட்ட வகுப்பில் இருந்தவர்கள் தேர்வில் கூடுதல் மதிப்பெண் வாங்கினார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். தடுமாறுவதும் கற்பதில் சேர்ந்ததுதான் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். கருத்துப் படிவத்தை மட்டும் வைத்து முறையை எடைபோடாதீர்கள்.

சக ஆசிரியர்கள் பக்கம்: "போர்ஷன் முடியாது." ஒரு கேள்விக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆவது உண்மை. நான் வாரத்துக்கு ஒன்றுதான் செய்கிறேன். 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் வந்த ஆய்வில், விரிவுரை வகுப்புகளில் தோல்வி 33.8 சதவீதம், மாணவர் ஈடுபடும் வகுப்புகளில் 21.8. போர்ஷனை முடிப்பது யார், நாமா பிள்ளைகளா என்று நான் திருப்பிக் கேட்பதுண்டு.

இந்தப் பாடவேளை நன்றாகப் போனால் அடுத்த கேள்வி தயார்: ஒரு பல்பு எரிகிறது, அதற்குப் பக்க இணைப்பில் இன்னொன்றைச் சேர்த்தால் முதல் பல்பு மங்குமா? மின்கலம் எப்போதும் ஒரே அளவு மின்னோட்டம்தான் கொடுக்கும் என்று நம்புபவர்கள் "மங்கும்" என்பார்கள். சிமுலேஷனில் மங்காது. மேசையில் பழைய மின்கலத்தை வைத்தால் அதன் உள்தடையால் லேசாக மங்கிவிடும், அவர்கள் பேச்சு உண்மையாகிவிடும். முதல் தடவைக்குப் புது மின்கலமே எடுத்துக்கொள்ளுங்கள். பழையதைப் பையில் வைத்திருங்கள், அதற்கு அடுத்த வாரம் வேலை இருக்கிறது.