கப்பலில் இருக்கும்போதே அடுத்த குரூஸை முன்பதிவு செய்வது எப்படி? டெல்டா குடும்பங்களுக்கு ஒரு செய்முறை

சிங்கப்பூரிலிருந்து குரூஸ் (உல்லாசக் கப்பல் பயணம்) போவது இப்போது தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் அதிசயம் இல்லை. திருச்சியிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது. தங்குவதற்கு அங்கே அண்ணன் வீடோ அத்தை மகன் வீடோ பலருக்கு இருக்கிறது. மெரினா பே முனையத்தில் கப்பல் ஏறினால் மூன்று நான்கு இரவுகளில் பினாங்கு, புக்கெட் என்று சுற்றிவிட்டுத் திரும்பலாம். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் அதே கடலில் விடுமுறைக்குப் போகிறார்கள் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

பெரிய கப்பல்களில், அடுத்த பயணத்தை அங்கேயே பதிவு செய்துகொள்ள ஒரு கவுண்டர் இருக்கும். ராயல் கரீபியன் கப்பல்களில் அதற்கு நெக்ஸ்ட்குரூஸ் என்று பெயர். முதல் தடவை போகிறவர்களில் பாதிப் பேர் அதைக் கவனிப்பதே இல்லை. மீதிப் பேர் கடைசி நாள் உற்சாகத்தில், தேதியைக்கூட யோசிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், எந்த மாதம், யார் யார், எவ்வளவு செலவு என்பதெல்லாம் ஊரிலேயே முடிவாகிவிட வேண்டும். கப்பலில் நடக்க வேண்டியது பதிவு மட்டும்தான்.

அங்கே பதிவு செய்வதால் என்ன லாபம்? பொதுவாக இரண்டு. முன்பணம் குறைவாக இருக்கும். அதோடு ஆன்போர்டு கிரெடிட் என்று ஒரு தொகையை அடுத்த பயணத்தின் கணக்கில் வரவு வைப்பார்கள். அந்தப் பயணத்தில் காபி, வைஃபை, கரைச் சுற்றுலா போன்றவற்றுக்கு அதைச் செலவழிக்கலாம். அது ரொக்கம் இல்லை. செலவழிக்காமல் விட்டால் பெரும்பாலும் காலாவதியாகிவிடும். சலுகையின் அளவு கம்பெனிக்குக் கம்பெனி, பயணத்தின் நீளத்துக்கு ஏற்ப மாறும். கப்பலில் இருந்து இறங்கிவிட்டால் அதே சலுகை பெரும்பாலும் கிடைக்காது.

படி 1: தேதியை ஊரிலேயே முடிவு செய்யுங்கள்

இதுதான் முக்கியமான படி, கடினமான படியும்கூட. குரூஸ் கம்பெனிகள் ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்கு முன்பே பயணத் தேதிகளை வெளியிட்டுவிடுகின்றன. அதனால் கவுண்டரில் உங்களுக்கு அடுத்த வருடத்துத் தேதிகளைக் காட்டுவார்கள். நம் ஊரில் அடுத்த வருடத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் வயல், கல்யாணம், திருவிழா மூன்றையும் பார்க்காமல் முடியாது.

நிலம் வைத்திருப்பவர்கள் முதலில் பயிரைப் பாருங்கள். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12 அன்று திறந்தால் குறுவை வேலை தொடங்கிவிடும். ஆடிப்பட்டம் தேடி விதைக்க வேண்டும், அப்புறம் சம்பா நாற்றங்கால், நடவு. புரட்டாசி, ஐப்பசியில் குறுவை அறுவடை. தை, மாசியில் சம்பா அறுவடை, அதன் பின்னாலேயே உளுந்தும் பயறும். இதெல்லாம் முடிந்து வயல் காலியாக இருப்பது சித்திரையிலும் வைகாசியின் முதல் பாதியிலும்தான்.

இங்கே ஒரு சிக்கல் வருகிறது. சிங்கப்பூரில் பள்ளிகளின் பெரிய விடுமுறை மே கடைசி வாரத்தில் தொடங்கி ஜூன் முழுக்க இருக்கும். அந்த நாட்களில் கப்பல் நிரம்பி வழியும், கட்டணமும் ஏறும். நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் முடிய இன்னொரு நீண்ட விடுமுறை. மார்ச் நடுவிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் ஒவ்வொரு வாரம். நம் பிள்ளைகளுக்கு முழுப்பரீட்சை முடிவது ஏப்ரலில். ஆக, ஏப்ரல் கடைசியிலிருந்து மே மூன்றாம் வாரம் வரைதான் டெல்டாவில் விவசாயக் குடும்பத்துக்குப் பொருத்தமான காலம் என்பது என் கணிப்பு. வயல் காலி, இங்கே பள்ளி விடுமுறை, அங்கே இன்னும் விடுமுறை தொடங்கவில்லை.

விவசாயம் இல்லாதவர்களுக்கு ஆடி மாதம் நல்லது. முகூர்த்தம் இல்லை, அதனால் பத்திரிகை வந்து பயணத்தைக் கெடுக்காது. ஆனால் அது தென்மேற்குப் பருவக்காற்றின் காலம்; புக்கெட் பக்கம் கடல் கொஞ்சம் ஆடும். ஆட்டம் ஒத்துக்கொள்ளாதவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு போகும்படி நான் யாருக்கும் சொல்லமாட்டேன். கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது 2018 நவம்பர் 16 அன்று. கும்பகோணத்துக்காரர்கள் இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: அடுத்த மகாமகம் 2028 மாசியில். அந்த மாதத்தில் வீடு முழுக்க விருந்தாளிகள் இருப்பார்கள், எந்தப் பயணமும் வேண்டாம்.

இப்படி யோசித்து இரண்டு அல்லது மூன்று தேதிகளைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் கம்பெனியின் தளத்தில் இன்று என்ன கட்டணம் காட்டுகிறது என்று பார்த்து, கப்பல் பெயர், தேதி, கேபின் வகை, கட்டணம் நான்கையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வையுங்கள். கப்பலில் வைஃபைக்குத் தனிக் கட்டணம் என்பதால் அங்கே போய்த் தேடிக்கொண்டிருக்க முடியாது.

படி 2: பெயரைச் சரிபாருங்கள்

நம் பெயர்கள் இன்னொரு இடத்தில் சிக்கும். கோவிந்தசாமி மகன் முருகேசன் என்று வைத்துக்கொள்வோம். ஊரில் அவர் கோ. முருகேசன். ஒரு பாஸ்போர்ட்டில் முருகேசன் என்பது கிவன் நேம், கோவிந்தசாமி என்பது சர்நேம் என்று இருக்கும். இன்னொருவர் பாஸ்போர்ட்டில் இரண்டும் சேர்ந்து கிவன் நேமில் இருக்கும், சர்நேம் கட்டம் காலியாக இருக்கும். முன்பதிவுப் படிவமோ இரண்டு கட்டத்தையும் நிரப்பச் சொல்லும்.

பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதச் சொல்லுங்கள். இனிஷியல் மட்டும் போட விடாதீர்கள். சர்நேம் காலியாக இருந்தால் அந்தக் கம்பெனியின் வழக்கம் என்ன என்று கவுண்டரிலேயே கேளுங்கள். இந்தப் பயணத்தில் பெயர் எந்த வரிசையில் பதிவாகியிருக்கிறதோ அதே வரிசைதான் அடுத்ததிலும் வர வேண்டும். மாறினால், திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்குக் கம்பெனி தரும் உறுப்பினர் எண் இணையாது, இந்தப் பயணத்துக்குக் கிடைக்கும் புள்ளிகளும் தனியே நின்றுவிடும். அடுத்த முறை கூட வரப்போகிற அம்மா, அப்பா, மாமியார் எல்லோருடைய பாஸ்போர்ட் முதல் பக்கத்தையும் போனில் படமாக வைத்திருங்கள். காலாவதித் தேதியையும் பாருங்கள்: பயணத்தின்போது குறைந்தது ஆறு மாதம் மீதி இருக்க வேண்டும்.

வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருக்கப்போகிறார்கள் என்றால் இதையும் கணக்கில் எடுங்கள். பயணம் முடிவதற்குள் 24 வாரத்தை எட்டும் கர்ப்பிணிகளைப் பெரும்பாலான கம்பெனிகள் ஏற்றுவதில்லை. குழந்தைக்குக் குறைந்தது ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும். நீண்ட பயணங்களில் ஒரு வயது கேட்பார்கள்.

படி 3: கார்டு

கிரெடிட் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கி ஆப்பில் திறந்துவிட்டுப் புறப்படுங்கள். டெபிட் கார்டு கொடுத்தால் கப்பல் கணக்குக்காகப் பணத்தைப் பிடித்து வைப்பார்கள், அதை விடுவிக்கச் சில நாட்கள் ஆகும். முன்பணம் டாலரில் போகும் என்பதால் பல கார்டுகளில் 2 முதல் 3.5 சதவீதம் வரை வங்கி கூடுதலாகப் பிடிக்கும் மார்க்கப் கட்டணமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் சேரும்.

படி 4: கவுண்டருக்குப் போகும் நேரம்

ஏறிய அன்றே, சாப்பிட்டுவிட்டுக் கப்பலைச் சுற்றும்போது கவுண்டர் எந்தத் தளத்தில் இருக்கிறது, எப்போது திறந்திருக்கும் என்று பாருங்கள். கப்பலின் ஆப்பிலும் நேரம் போட்டிருப்பார்கள். இரண்டாம் நாளே போய்விடுங்கள். துறைமுகத்தில் நிற்கும் நாளில் எல்லோரும் கரைக்கு இறங்கிவிடுவார்கள், அப்போது கவுண்டர் திறந்திருந்தால் கூட்டமே இருக்காது. கடைசி நாள் மாலையில் வரிசை நீளம், விளக்கிச் சொல்ல அவர்களுக்கும் நேரம் இருக்காது.

படி 5: கேட்க வேண்டிய கேள்விகள்

தாளை மேசையில் வைத்து, உங்கள் தேதிகளுக்கு மட்டும் கட்டணம் கேளுங்கள். அவர்கள் வேறொரு கப்பலைப் பற்றி அழகாகப் பேசுவார்கள். கேட்டுக்கொள்ளலாம், தேதியை மட்டும் மாற்றாதீர்கள்.

முதல் கேள்வி முன்பணத்தைப் பற்றியது. அதில் இரண்டு வகை உண்டு: ரத்து செய்தால் திரும்பி வருவது, வராதது. கல்யாண மண்டபத்துக்குக் கொடுக்கும் அட்வான்ஸ் மாதிரிதான் இதுவும். கட்டுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். திரும்பி வராத வகையில் கட்டணம் சற்றுக் குறைவாக இருக்கும். இருந்தாலும் மழை, மகசூல், வீட்டு விசேஷம் எதையும் ஒரு வருடத்துக்கு முன்பே உறுதி சொல்ல முடியாத நம் போன்றவர்களுக்குத் திரும்பி வரும் வகைதான் சரி. அந்த வித்தியாசத் தொகையை நிம்மதிக்குக் கொடுத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, இந்தக் கட்டணம் ஒருவருக்கா, கேபினுக்கா? குரூஸ் விலைகள் பெரும்பாலும் ஒரு கேபினில் இரண்டு பேர் என்ற கணக்கில் ஆளுக்கு இவ்வளவு என்று சொல்லப்படும். துறைமுக வரியும் ஊழியர்களுக்கான டிப்ஸும் தனி. எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

மூன்றாவது, பிறகு விலை இறங்கினால் குறைத்துத் தருவீர்களா? இதைக் கேட்காமல் விடாதீர்கள். ஒரு உதாரணம்: கவுண்டரில் ஆளுக்கு 900 டாலர், கேபினுக்கு 50 டாலர் கிரெடிட் என்று வைப்போம். இரண்டு மாதம் கழித்துத் தள்ளுபடியில் அதே கேபின் 820 ஆகிறது. இரண்டு பேருக்கும் சேர்த்து 160 டாலர் வித்தியாசம். விலையைக் குறைத்துத் தர மாட்டார்கள் என்றால் 50 டாலர் கிரெடிட்டை நம்பி 160 டாலரை விட்டதாகிவிடும். முழுப்பணம் கட்டும் கெடுவுக்கு முன்னால் குறைத்துத் தரும் வழக்கம் சில இடங்களில் உண்டு, சில இடங்களில் இல்லை. எந்த நாட்டிலிருந்து பதிவு செய்கிறோம் என்பதைப் பொறுத்தும் இது மாறும்.

நான்காவது, இப்போது வெளியில் ஓடும் தள்ளுபடியும் இந்தக் கிரெடிட்டும் சேர்ந்து கிடைக்குமா? ஊரில் எடுத்த ஸ்கிரீன்ஷாட் இங்கேதான் உதவும்.

தேதி முடிவாகாதவர்களுக்குச் சில கம்பெனிகள் முன்பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, பயணத்தைப் பிறகு தேர்ந்தெடுக்க விடும். அதற்கு ஒரு கெடு இருக்கும். கெடு தாண்டினால் பணம் வருமா என்பது தெரிந்த பிறகு கார்டை நீட்டுங்கள்.

சிங்கப்பூர் உறவினரும் சேர்ந்து வருவதாக இருந்தால், யார் எந்த நாட்டில் வசிக்கிறார்கள் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். வசிக்கும் நாட்டைப் பொறுத்துக் கட்டணம் மாறுவதுண்டு. இரண்டு கேபின் பதிவு செய்தால் இரண்டையும் ஒன்றோடொன்று இணைக்கச் சொல்லுங்கள், அப்போதுதான் சாப்பாட்டு மேசை ஒன்றாகக் கிடைக்க வழி உண்டு. சைவச் சாப்பாடு வேண்டும் என்பதையும் இப்போதே குறித்துவிடலாம்.

படி 6: கேபினை நேரில் பாருங்கள்

அடுத்த பயணமும் இதே கப்பலில் என்றால் உங்களுக்கு இருக்கும் வசதி ஊரில் உட்கார்ந்து பதிவு செய்கிறவருக்கு இல்லை. அவர்கள் சொல்லும் கேபின் எண்ணைக் குறித்துக்கொண்டு அந்த நடைபாதைக்கே நடந்து போய்ப் பாருங்கள். லிஃப்ட் எவ்வளவு தூரம்? முழங்கால் வலியுள்ள அம்மாவால் நடக்க முடியுமா? தலைக்கு மேலே நீச்சல் குளத் தளம் இருந்தால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும். ஆட்டம் குறைவாக இருப்பது கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளங்களில். கேபின் எண்ணை அவர்களே பிறகு ஒதுக்குவதாகச் சொல்லும் கேரன்டி வகை விலை குறைவுதான், ஆனால் வயதானவர்களோடு போகிறவர்கள் அதை எடுக்க வேண்டாம்.

படி 7: தாளைப் படித்துவிட்டு எழுந்திருங்கள்

பதிவு முடிந்ததும் உறுதிச் சீட்டு மின்னஞ்சலில் வரும். அச்சிட்ட பிரதியும் கேளுங்கள். பெயர்களின் எழுத்து, கப்பல், தேதி, கேபின், மொத்தத் தொகை, முன்பணம் திரும்பி வரும் வகைதானா, கிரெடிட் எவ்வளவு, மீதிப் பணம் கட்டக் கடைசி நாள் எது என்று ஒவ்வொன்றையும் விரல் வைத்துப் படியுங்கள். வாயால் சொன்ன எதுவும் தாளில் இல்லையென்றால் அங்கேயே எழுதி வாங்குங்கள். கடைசி இரவு கப்பல் கணக்கைப் பார்க்கும்போது முன்பணம் ஒரே ஒரு தடவை பிடிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 8: ஊருக்கு வந்த பிறகு

தஞ்சாவூரிலோ திருச்சியிலோ உள்ள ஏஜென்ட் மூலம் இந்தப் பயணம் போனீர்கள் என்றால், புதிய பதிவையும் அவர் பெயரில் வைக்கச் சொல்லிக் கவுண்டரிலேயே கேட்டிருக்கலாம். விட்டுப்போயிருந்தால் வந்ததும் மாற்றிவிடுங்கள், அதற்கும் கெடு உண்டு. கட்டணம் இதனால் அதிகமாகாது, விசாவையும் அவரே பார்த்துக்கொள்வார். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கு இங்கே பணம் கட்டும்போது டிசிஎஸ் (விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி முன்பிடித்தம்) பிடிப்பார்கள். அது உங்கள் பான் எண்ணில் வரவாகும், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

மீதிப் பணம் கட்டும் கடைசி நாளை, அதற்கு இரண்டு வாரம் முந்தைய தேதியோடு சேர்த்து நாட்காட்டியில் குறியுங்கள். பல கம்பெனிகளில் அது புறப்பாட்டுக்கு 75 முதல் 90 நாள் முன்பு வரும். அந்த இரண்டு வாரத்தில் ஒருமுறை விலையைப் பாருங்கள், வீட்டில் எல்லோரும் வர முடியுமா என்று கேளுங்கள். ரத்து செய்வதாக இருந்தால் அப்போதே செய்துவிடுங்கள். கெடு தாண்டிய பிறகு நாள் நெருங்க நெருங்கப் பிடித்தம் கூடிக்கொண்டே போகும்.

விசா எடுக்கும்போது பல முறை நுழைய அனுமதிக்கும் விசாதானா என்று பாருங்கள், ஏனென்றால் கப்பல் திரும்பி வரும்போது மறுபடி சிங்கப்பூருக்குள் நுழைகிறீர்கள். சிங்கப்பூர் வருகை அட்டையைப் போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், பணம் கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிட்டு அந்நாட்டுக் குடிநுழைவுத் துறையின் தளத்துக்குப் போங்கள்.