வாடகைக்கு விட வீடு வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

சிங்கப்பூர்ச் சொத்து விளம்பரங்களில் காட்டப்படும் வாடகை விகிதம், ஓராண்டு வாடகையை வீட்டு விலையால் வகுத்து வருவது மட்டுமே. வரியும் பராமரிப்பும் வட்டியும் அதில் கழிக்கப்பட்டிருக்காது. 1.2 மில்லியன் வெள்ளிக்கு வாங்கி, மாதம் 3,800 வெள்ளி வாடகைக்கு விடும் ஒரு கொண்டோமினிய வீட்டை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். விளம்பரக் கணக்கில் இதன் விகிதம் 3.8 விழுக்காடு.

முதல் படி: வாங்கும் செலவு

வாங்குவோர் முத்திரைத் தீர்வை 32,600 வெள்ளி ஆகும். வழக்கறிஞர் கட்டணம், அறைகலன், சிறு புதுப்பிப்பு ஆகியவற்றுக்கு 17,400 வெள்ளி ஒதுக்கினால், மொத்தச் செலவு 1.25 மில்லியன் வெள்ளியைத் தொடும். முதல் வீடு வாங்கும் குடிமக்களுக்குரிய கணக்கு இது. நம்மில் பலர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் குடியிருப்பவர்கள். அதை வைத்துக்கொண்டே இன்னொரு வீடு வாங்கும் குடிமக்கள், கூடுதல் தீர்வையாக 20 விழுக்காடு, அதாவது 240,000 வெள்ளி, செலுத்த வேண்டும். நிரந்தரவாசிகளுக்கு இரண்டாம் வீட்டின் மீது இது 30 விழுக்காடு.

இரண்டாம் படி: வாடகை வரவு

குடியிருப்பவர் மாறும் இடைவெளியைக் கருதி, ஆண்டுக்கு 11 மாத வாடகையை மட்டும் எழுதுங்கள்: 41,800 வெள்ளி. தனியார் வீட்டைத் தொடர்ந்து மூன்று மாதங்களுக்குக் குறைவாக வாடகைக்கு விட முடியாது என்பதால், காலியாகக் கிடக்கும் வாரங்களைக் குறுகிய கால விருந்தினர்களைக் கொண்டு நிரப்பலாம் என்று எண்ண வேண்டாம்.

மூன்றாம் படி: ஆண்டுச் செலவு

புதியவர்கள் பெரும்பாலும் குறைத்து மதிப்பிடுவது சொத்து வரியைத்தான். உரிமையாளர் குடியிராத வீட்டுக்கு, ஆண்டு மதிப்பின் (வீட்டுக்கு ஓராண்டில் கிடைக்கக்கூடிய வாடகை என வரித்துறை மதிப்பிடும் தொகையின்) முதல் 30,000 வெள்ளிக்கு 12 விழுக்காடும் அடுத்த 15,000 வெள்ளிக்கு 20 விழுக்காடும் விதிக்கப்படுகின்றன. ஆண்டு மதிப்பு 42,000 வெள்ளி என்றால் வரி 6,000 வெள்ளி. வீடு காலியாக இருந்தாலும் இந்த வரியும் பராமரிப்புக் கட்டணமும் நிற்பதில்லை. பராமரிப்புக்கு மாதம் 350 வெள்ளி வீதம் 4,200 வெள்ளி, ஈராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாத வாடகை என்ற முகவர் கட்டணத்தில் ஓராண்டுப் பங்கு 1,900 வெள்ளி, பழுதுபார்ப்புக்கும் காப்புறுதிக்கும் 2,000 வெள்ளி என எல்லாம் சேர்ந்து 14,100 வெள்ளி ஆகிறது. குளிர்சாதனத்தை அவ்வப்போது சுத்தம் செய்யும் செலவைக் குடியிருப்பவர் ஏற்பதே வழக்கம் என்றாலும், அதன் கம்ப்ரெசர் பழுதானால் செலவு பெரும்பாலும் உங்களுடையதே.

நான்காம் படி: நிகர வருமானம்

மீதம் 27,700 வெள்ளி. போட்ட முதலில் இது ஏறத்தாழ 2.2 விழுக்காடு. கூடுதல் தீர்வை கட்டியவர்கள், அந்தத் தொகையை மட்டும் மீட்கவே எட்டரை ஆண்டுகளுக்கு மேல் இந்த நிகர வாடகையைச் சேர்க்க வேண்டியிருக்கும். வாடகை வருமானம் ஒன்றையே நோக்கமாகக் கொண்டவர்களுக்கு இரண்டாம் வீடு பொருந்தாது என்பதே என் உறுதியான கருத்து.

ஐந்தாம் படி: கடன்

வேறு வீட்டுக் கடன் இல்லாதவருக்கு 75 விழுக்காடு வரை, அதாவது 900,000 வெள்ளி, கடன் கிடைக்கலாம். வட்டி 2.5 விழுக்காடு, தவணைக்காலம் 25 ஆண்டுகள் எனக் கொண்டால் மாதத் தவணை சுமார் 4,040 வெள்ளி. நிகர வாடகை போக, ஆண்டுக்கு ஏறக்குறைய 20,800 வெள்ளியை உங்கள் கையிலிருந்து போட வேண்டும். தவணையில் பாதிக்குமேல் அசலை அடைக்கிறது என்பது உண்மையே; ஆனாலும் மாதந்தோறும் 1,700 வெள்ளிக்கு மேல் தடையின்றி ஒதுக்க முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வட்டியை 4 விழுக்காடாக உயர்த்தியும் ஒருமுறை கணக்கிடுங்கள்.

ஆறாம் படி: வருமான வரி

கடன் வட்டியைக் கழித்துக்கொள்ளலாம். அசலைக் கழிக்க இயலாது. மற்ற செலவுகளுக்கு ரசீது ஏதுமின்றி வாடகையில் 15 விழுக்காட்டைக் கழிக்கலாம். நம் எடுத்துக்காட்டில் அது 6,270 வெள்ளி. ஆனால் சொத்து வரியும் பராமரிப்புக் கட்டணமும் மட்டுமே 10,200 வெள்ளி ஆகின்றன என்பதால், இங்கே உண்மைச் செலவைக் காட்டுவதே ஆதாயம். அதற்கு ரசீதுகளை ஐந்தாண்டுகள் பத்திரப்படுத்த வேண்டும். முதன்முதலில் குடியிருப்பவரைத் தேடித் தந்த முகவருக்குக் கொடுத்த கட்டணத்தை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.