ஒரே ஆறு, இரண்டு நாடு: தாயா பள்ளத்தாக்குக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஆஸ்திரியாவில் இதன் பெயர் தாயா, செக் நாட்டில் டியே. இந்த ஆற்றின் இரு கரையிலும் இரண்டு தேசியப் பூங்காக்கள் இருக்கின்றன: செக் பக்கம் 1991-இல் தொடங்கிய போடியீ, ஆஸ்திரியப் பக்கம் 2000-இல் தொடங்கிய தாயாடால்.

வியன்னாவிலிருந்து வருகிறவர் தாயாடாலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதுதான், என்னைக் கேட்டால், பெரிய தவறு. அது சுமார் 13 சதுர கிலோமீட்டர், போடியீயோ 63. ஆஸ்திரியக் கரையிலுள்ள ஹார்டெக் ஊர் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதே எதிரே செக் கரைப் பாறை மேட்டில் நின்றால்தான் தெரியும். கோட்டை, அதன் காலடியில் ஒண்டிக்கொண்ட வீடுகள், அவற்றை வளைத்துக்கொண்டு ஓடும் ஆறு எல்லாம் ஒரே பார்வையில் கிடைக்கும்.

சரி, காரிலேயே அக்கரைக்குப் போய்விடலாமா? முடியாது. ஹார்டெக் பாலம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும்தான். காரில் போக வேண்டுமென்றால் வேறு எல்லைச் சாலை வழியாகச் சுற்றித்தான் வர வேண்டும். வண்டியை ஊரில் விட்டுவிட்டு நடந்துவிடுங்கள். இரண்டு நாட்டுக்கும் ஷெங்கன் விசா ஒன்றே போதும், பாலத்தில் வழக்கமான சோதனையும் இல்லை. அதற்காக பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டு வராதீர்கள். அக்கரையில் பணம் கொருனா. கொஞ்சம் மாற்றி வைத்துக்கொள்வது நல்லது.

ஆற்றைப் பற்றித்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். கோடையில் முழங்கால் அளவுத் தண்ணீர் சலசலவென்று ஓடுவதைப் பார்த்தால் யாருக்கும் இறங்கத் தோன்றும். ஆனால் மேலே வ்ரானோவில் 1930-களில் கட்டிய அணை இருக்கிறது. மின்சாரம் எடுக்க அங்கே தண்ணீரைத் திறந்துவிட்டால், மழையே இல்லாத நாளிலும் இங்கே மட்டம் ஏறும். கரைக் கற்களைக் கவனியுங்கள். தண்ணீருக்கு மேலே ஈரக்கோடு தெரிந்தால், சற்று முன்புவரை ஆறு அந்த உயரத்தில் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். அணையின் ஆழத்திலிருந்து வரும் தண்ணீர் என்பதால் கோடையிலும் சில்லென்றிருக்கும். குழந்தைகளோடு போகிறவர்கள் தயவுசெய்து இதை மறக்க வேண்டாம்.

குறியிட்ட பாதையை விட்டு விலகாதீர்கள். கூடாரம் அடிப்பது, நெருப்பு மூட்டுவது இரண்டுமே கூடாது. நாயைக் கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரியாவில் அற்றுப்போனதாகக் கருதப்பட்ட காட்டுப்பூனை 2007-இல் மறுபடியும் தென்பட்டது இந்தக் காட்டில்தான். அப்புறம், அரைக்கால் சட்டையோடு புல்லில் நடக்க வேண்டாம். இங்குள்ள உண்ணிகள் மூளைக்காய்ச்சலைப் பரப்பக்கூடியவை. திரும்பியதும் முழங்காலின் பின்பக்கத்தையும் அக்குளையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரமில்லை என்று செக் பக்கத்திலுள்ள சீஜோவ் கிராமத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். கம்யூனிச ஆட்சி மேற்கு எல்லையை அடைத்து வைத்திருந்த இரும்புத்திரைக் காலத்து முள்வேலியில் ஒரு துண்டையும் காவல் கோபுரத்தையும் அங்கே அப்படியே வைத்திருக்கிறார்கள். பல பத்தாண்டுகள் பொதுமக்களை இந்தக் கரைக்கு வரவிடாமல் தடுத்த வேலி அது. இந்தப் பள்ளத்தாக்கில் காடு இவ்வளவு மிஞ்சியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.