பூட் நடுவில் எஃப்எஸ்சிகே நின்றுவிட்டால்

எஃப்எஸ்சிகே (fsck) என்பது லினக்ஸில் ஃபைல் சிஸ்டத்தைச் சோதித்துத் திருத்தும் கருவி. "ரன் எஃப்எஸ்சிகே மேனுவலி" என்று திரையில் எழுதிவிட்டு சர்வர் ரூட் பாஸ்வேர்டு கேட்டு நின்றால், பலரும் உடனே மைனஸ் ஒய் (-y, எல்லாக் கேள்விக்கும் 'ஆம்') போட்டு ஓடவிடுவார்கள். நான் அதைக் கடைசியாகத்தான் தொடுவேன். மைனஸ் ஒய் என்பது வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது மாதிரி.

முதலில் பூட் செய்திகளில் எந்த டிஸ்க் என்று பாருங்கள். ஐ/ஓ எரர் வரிசையாக வந்தால், அல்லது ஸ்மார்ட் (டிஸ்க் தன் உடல்நிலையைச் சொல்லும்) அறிக்கையில் 'கரன்ட் பெண்டிங் செக்டர்', அதாவது படிக்க முடியாமல் நிற்கும் செக்டர்களின் எண்ணிக்கை, பூஜ்யமாக இல்லாவிட்டால், டிஸ்கே போய்க்கொண்டிருக்கிறது. ரிப்பேர் வேண்டாம். டிடிரெஸ்க்யூ (ddrescue, பழுதான டிஸ்கை நகலெடுக்கும் கருவி) கொண்டு வேறு டிஸ்கில் நகலெடுத்து, நகலின் மேல் வேலை செய்யுங்கள்.

பூட்டில் எந்தெந்த டிஸ்கை மவுன்ட் செய்ய வேண்டும் (இணைக்க வேண்டும்) என்று பட்டியலிடும் எஃப்எஸ்டேபையும் (/etc/fstab) ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். கழற்றிய டிஸ்கின் வரி அதில் அப்படியே கிடந்தாலும் பூட் இதே மாதிரி எமர்ஜென்சி மோடில் நிற்கும். ரூட்டை ரைட் மோடில் ரீமவுன்ட் செய்து அந்த வரியை நீக்கினால் வேலை முடிந்தது.

டிஸ்க் நன்றாக இருக்கிறதா, சரி. ரெஸ்க்யூ யுஎஸ்பியில் பூட் செய்து, பார்ட்டிஷன் மவுன்ட் ஆகவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ரைட் மோடில் மவுன்ட் ஆனதன் மேல் எஃப்எஸ்சிகே ஓட்டினால் நல்ல தரவும் குலையும். அப்புறம் எஃப்எஸ்சிகே மைனஸ் என் (-n). இது எதையும் எழுதாமல் கோளாறுகளை மட்டும் சொல்லும். ஃப்ரீ பிளாக் எண்ணிக்கை தவறு, ஆர்ஃபன் ஐநோடு (எந்த ஃபோல்டரிலும் பெயர் இல்லாமல் தனித்து நிற்கும் ஃபைல் பதிவு) என்றால் மின்சாரம் போன பிறகு சகஜம்தான், மைனஸ் ஒய் போடலாம். ஒரே பிளாக்குக்குப் பல ஃபைல்கள் உரிமை கொண்டாடினால் கையை எடுத்துவிடுங்கள். முதலில் டிஸ்கை முழுதாக நகலெடுங்கள்.

'பேட் மேஜிக் நம்பர்' வந்தால் பயப்படுமுன் பார்ட்டிஷனைக் குறிக்கும் எஸ்டிஏ1 என்பதற்குப் பதில் முழு டிஸ்கைக் குறிக்கும் எஸ்டிஏ என்று அடித்தீர்களா எனப் பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் ஃபைல் சிஸ்டத்தின் அடிப்படை விவரங்களை வைத்திருக்கும் சூப்பர்பிளாக் கெட்டிருக்கலாம். அதற்குப் பிரதிகள் உண்டு. ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தில் 4 கேபி பிளாக் என்றால் முதல் பிரதி வழக்கமாக 32768-ஆம் பிளாக்கில் இருக்கும். இ2எஃப்எஸ்சிகேயில் (ஈஎக்ஸ்டி வகைக்கான எஃப்எஸ்சிகே) மைனஸ் பி 32768 என்று கொடுங்கள். பிரதிகளின் இடத்தை ஃபார்மேட் செய்யும் கமாண்டான எம்கேஇ2எஃப்எஸ் மைனஸ் என் சொல்லும் என்பார்கள். அந்த 'என்' விட்டுப்போனால் ஃபார்மேட்தான், அடிக்குமுன் இரண்டு முறை படியுங்கள்.

எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு வகை ஃபைல் சிஸ்டத்துக்கு எஃப்எஸ்சிகே பெயருக்குத்தான். எக்ஸ்எஃப்எஸ் ரிப்பேர் வேண்டும். அதன் மைனஸ் எல், இன்னும் முழுதாக எழுதி முடிக்காத மாற்றங்களைக் குறித்துவைக்கும் ஜர்னலையே அழித்துவிடும். ஒருமுறை மவுன்ட் செய்து பார்த்து, அது முடியாதபோது மட்டும் அதைப் போடுங்கள்.

எஃப்எஸ்சிகே முடிந்ததும் திரும்பும் எண் 1 என்றால் திருத்தியாயிற்று, 4 என்றால் பிழை மிச்சம் இருக்கிறது. பூஜ்யம் வரும்வரை மறுபடி ஓட்டுங்கள். பிறகு மீட்ட ஃபைல்களைப் போட்டு வைக்கும் லாஸ்ட்-ஃபவுண்டு (lost+found) ஃபோல்டரைத் திறங்கள். பெயரிழந்த ஃபைல்கள் ஐநோடு எண்ணோடு கிடக்கும், எது என்ன வகை என்று 'ஃபைல்' கமாண்ட் சொல்லிவிடும்.