டார்ச்சும் கண்ணாடியும் போதும்: எதிரொளிப்பை அளந்து பார்க்கலாம்

'படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம்.' ஒளி எந்தச் சாய்வில் வந்து கண்ணாடியில் படுகிறதோ அதே சாய்வில் மறுபக்கம் திரும்பும் என்று அர்த்தம். பள்ளியில் மனப்பாடம் செய்த வரிதான். அதைத் தாளில் கோடு போட்டு அளந்து பார்த்தவர்கள்தான் குறைவு.

ஒரு சிறிய சமதளக் கண்ணாடி, டார்ச், கறுப்பு அட்டை, வெள்ளைத் தாள், பாகைமானி, அளவுகோல், பென்சில், கொஞ்சம் அலுமினியத் தாள். இவ்வளவுதான் வேண்டும். லேசர் வேண்டாம், கண்ணாடியில் பட்டுத் திரும்பி யார் கண்ணில் பாயும் என்று சொல்ல முடியாது.

1. அட்டையின் கீழ் விளிம்பிலிருந்து மேல்நோக்கி ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு கீறல் வெட்டித் தாளின் மேல் நிறுத்துங்கள். கீறல் தாளைத் தொட வேண்டும். அப்போதுதான் ஒளி தாளை உரசிக்கொண்டு போய்க் கோடாகத் தெரியும். டார்ச்சை அட்டைக்கு ஒரு சாண் பின்னால் வையுங்கள். ஒட்டி வைத்தால் கோடு விசிறி மாதிரி விரிந்துவிடும்.

2. தாளில் ஒரு நேர்கோடு, அதன் நடுவிலிருந்து 90 டிகிரியில் இன்னொரு கோடு. இரண்டாவதுதான் செங்குத்துக்கோடு. முதல் கோட்டின் மேல் கண்ணாடியை நிமிர்த்தி வையுங்கள், பின்பக்கம் கோட்டில் பொருந்தும்படி. பளபளக்கும் பூச்சு பின்னால்தான் இருக்கிறது. ஒளியில் பெரும்பகுதி அங்கே போய்த்தான் திரும்புகிறது. உற்றுப் பார்த்தால் பிரகாசமான கோட்டுக்குப் பக்கத்தில் மங்கலாக இன்னொன்று தெரியலாம். அது கண்ணாடியின் முன்பரப்பிலேயே திரும்பிய ஒளி. நேராக விழும் ஒளியில் சுமார் 4 சதவீதம் இப்படித் திரும்பும்.

3. அறையை இருட்டாக்கி, இரு கோடுகளும் சந்திக்கும் இடத்தை நோக்கி ஒளியைச் சாய்வாக விடுங்கள். போகும் கதிரில் இரண்டு புள்ளி, திரும்பும் கதிரில் இரண்டு புள்ளி. கண்ணாடியை எடுத்துவிட்டுப் புள்ளிகளைச் சேர்த்துக் கோடு போடுங்கள்.

4. இனி அளக்கலாம், செங்குத்துக்கோட்டிலிருந்து. நான் முதல்முறை ஒரு பக்கத்தைச் செங்குத்துக்கோட்டிலிருந்தும் மறுபக்கத்தைக் கண்ணாடியிலிருந்தும் அளந்துவிட்டு, 30-க்கு 60 எப்படி வந்தது என்று முழித்துக்கொண்டிருந்தேன். 45 டிகிரியில் மட்டும் செய்திருந்தால் அந்தத் தவறு தெரிந்தே இருக்காது. எங்கிருந்து அளந்தாலும் 45-தான். அதனால் 30, 60 என்றும் செய்து பாருங்கள். கதிருக்கே ஒரு தடிமன் இருப்பதால் ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசம் வரும், பரவாயில்லை.

5. டார்ச்சை அசைக்காமல் கண்ணாடியை மட்டும் 10 டிகிரி திருப்புங்கள். திரும்பும் கதிர் 20 டிகிரி நகரும். செங்குத்துக்கோடும் கண்ணாடியோடு சேர்ந்து 10 திரும்பிவிட்டதால், இரண்டு கோணமும் தலா 10 மாறுகின்றன.

6. சரி, இப்போது அலுமினியத் தாளை நீவி அட்டையில் ஒட்டிக் கண்ணாடி இருந்த இடத்தில் வையுங்கள். கொஞ்சம் கலங்கலாக இருந்தாலும் கதிர் ஒரே திசையில் திரும்பும். அப்புறம் அதையே கசக்கி விரித்து வையுங்கள். ஒளி நாலாபக்கமும் சிதறும். விதி இங்கே உடைந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். உடையவில்லை. ஒவ்வொரு சுருக்கமும் ஒரு குட்டிக் கண்ணாடி. அதனதன் செங்குத்துக்கோடு வேறு திசையில் நிற்கிறது, அவ்வளவுதான். அந்தந்த இடத்தில் இரண்டு கோணமும் சமமாகவே இருக்கின்றன.

வெள்ளைத் தாள் விரலுக்கு வழவழப்பாகப் பட்டாலும் ஒளிக்கு அது கரடுமுரடுதான். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர். அந்த அளவோடு ஒப்பிட்டால் தாளின் மேடுபள்ளங்கள் மிகப் பெரியவை. தாளுக்குள் புகுந்து நார்களில் சிதறி வெளியே வரும் ஒளியும் இதோடு சேர்ந்துகொள்ளும்.

அதே தாளைக் கண்ணுக்கு நேராகப் படுக்கையாகப் பிடித்து, அதன் மறுவிளிம்பைத் தாண்டி ஒரு ஜன்னல் வெளிச்சத்தைப் பாருங்கள். ஒளி அவ்வளவு சாய்வாக உரசும்போது, சாதாரண வெள்ளைத் தாளிலும் லேசாக ஒரு பளபளப்பு ஓடும்.